கரை வளைந்த இடம்

போன மாதம் திவ்யா என்றொரு பெண் எனக்குப் போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அதே வடிகால் இலாகாவில், பத்து பாகாட் ஊர் அலுவலகத்தில், இப்போது அவள் என்ஜினியர். ட்ரோனைப் பறக்கவிட்டு எங்கள் பக்கத்துக் கடற்கரை முழுவதையும் படம் எடுத்திருக்கிறாள்.

"அங்கிள், கடலோரத்து மண்கரை கோடு போட்ட மாதிரி நேரா வருது. ஒரே ஒரு எடத்துல மட்டும் முழங்கை மாதிரி உள்ள மடங்கிப் போகுது. ஏன்னு ஆஃபீஸ்ல யாருக்கும் தெரியல. ராசு அங்கிள கேளுங்கன்றாங்க. யாரு அங்கிள் அப்படி வளைச்சது?"

"ஏன் கேக்குற?"

"கடல் மட்டம் ஏறுதில்ல, கரையையும் ஒசத்தப் போறோம். அதோட அந்த வளைவ நேராக்கிட்டா நீளம் கொறையும், வேலயும் கொறையும் லா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை மேல் தப்பில்லை. மேலே இருந்து பார்த்தால் அது வளைவுதான். "அம்மா, அந்த எடத்துல கை வெக்காத. நான் எழுதித் தர்றேன், படிச்சிட்டு அப்புறம் பேசு" என்று சொல்லிப் போனை வைத்தேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பேசுகிற மாதிரிதான் எழுத வரும்.

நான் பிறந்தது சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு தோட்டத்தில். நாலு பக்கமும் செம்பனை. கடலைப் பாடப்புத்தகத்தில் பார்த்ததோடு சரி. இலாகாவில் சேர்ந்த முதல் நாள் அளவுக்கம்பைக் கையில் கொடுத்து, தண்ணீர் விளிம்பு வரை போய் நிற்கச் சொன்னார்கள். எங்கள் கடற்கரை மணல் இல்லை, சேறு. அது தெரியாமல் புதுச் சப்பாத்தோடு இறங்கினேன், இடுப்புவரை போய்விட்டேன். சிப்பி பொறுக்க வந்த மலாய்க்காரர் ஒருவர்தான் பிடித்து இழுத்துப் போட்டார். அந்தச் சப்பாத்து இன்றும் அங்கேதான் கிடக்கிறது. அந்தச் சேற்றில் நடக்க முடியாது. பலகையில் ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலால் உந்தி வழுக்கிக்கொண்டே போக வேண்டும். அதை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் அதைவிடச் சுலபம்.

எங்கள் என்ஜினியரை எல்லாரும் ஹாஜி என்போம். குள்ளமான மனிதர், குரலே உயராது. நாலு வார்த்தை திட்டிவிட்டால்கூடத் தேவலையே என்று இருக்கும். மட்டம் பார்க்கும் வேலையில், நிலையான ஒரு கல்லில் தொடங்கி, கரை ஏறி, சேற்றில் இறங்கி, தண்ணீர் வரை அளந்து போய், திரும்ப அதே கல்லில் வந்து முடிக்க வேண்டும். புறப்பட்ட எண் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் நடுவில் எங்கோ பிழை. மற்ற அதிகாரிகள் கொஞ்சம் அப்படி இப்படி இருந்தால் விட்டுவிடுவார்கள். ஹாஜி எண்ணைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குத் திரும்பி வரலையே" என்பார். அவ்வளவுதான். நாங்கள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி சேற்றில் இறங்குவோம்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பிரச்சினை என்று ஓர் இடத்துக்குக் கூப்பிட்டால், வந்ததும் ஒன்றுமே சொல்லமாட்டார். ஒரு மடக்கு நாற்காலி, தெர்மோஸில் பால் விடாத கோப்பி ஓ. தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது உட்கார்ந்தால், அது ஏறி, நின்று, மறுபடி வற்றும்வரை தொழுகைக்குத் தவிர எழுந்திருக்கமாட்டார். "தண்ணீர் ஏறுவதை எல்லாரும் பார்க்கிறார்கள். இறங்குவதைப் பார்க்க ஒருத்தனும் இருப்பதில்லை" என்பார். மலாயில்தான் சொல்வார்; நான் தமிழில் எழுதுகிறேன். இந்த மனுஷனுக்கு வேறு வேலை இல்லையா என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

இனி அந்த வளைவுக்கு வருகிறேன். அந்த இடத்தில் முன்பு கரை நேராகத்தான் இருந்தது. பாக்கியம் அக்கா என்பவரின் நிலம் கரைக்கு உட்புறம் ஒட்டியே இருந்தது. பாலோ பக்கத்தில் அவர்கள் இருந்த தோட்டம் விற்றுப்போனபோது, லோரி ஓட்டிக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரர் கிடைத்ததை எல்லாம் போட்டு அந்த நிலத்தை வாங்கி, தென்னை வைத்தார். தோட்டத்து முனீஸ்வரனை விட்டுவர மனசில்லை. கல்லையும் சூலத்தையும் தன் லோரியிலேயே ஏற்றிக்கொண்டு வந்து, நிலத்துக்கு முன்னால் கரையின் மேலேயே வைத்து, சிமெண்ட் போட்டுச் சின்னக் கோயிலாகக் கட்டிவிட்டார். அவர் காலமான பிறகு அக்காதான் எல்லாம். பூசாரி, தலைவர், சண்டைக்காரி எல்லாம் அவர்தான்.

எங்கள் கடலில் அலை ஒன்றும் பெரிதில்லை. எதிரே சுமத்ரா, அங்கிருந்து காற்று கிளம்பினால் குட்டி அலைகள் விடாமல் வந்துகொண்டே இருக்கும். பாக்காவ் என்று நாங்கள் சொல்லும் அலையாத்திக் காடு முன்னால் இருக்கிறவரை அவை வேருக்குள் புகுந்து அடங்கிவிடும். கடல் மட்டம் ஏற ஏற அந்தக் காடு நிலத்துப் பக்கம் ஒதுங்கப் பார்க்கும். விதை உள்ளே வந்து விழும், முளைக்கும். ஆனால் எங்கே முளைக்கும்? பின்னால்தான் நாங்கள் கரை போட்டு வைத்திருக்கிறோமே! முன்னால் கடல், பின்னால் கரை, நடுவில் மாட்டிக்கொண்டு காடு மெலிந்தது. அக்கா நிலத்துக்கு முன்னால் சுத்தமாக இல்லாமலே போனது. அப்புறம் அலை நேராக வந்து கரையின் காலைச் சுரண்ட ஆரம்பித்தது.

கோயில் படியை அலை தொட்ட வருஷம் அக்கா ஒரு நேர்த்தி ஏற்படுத்தினார். காவடி வேண்டாம், பால்குடம் வேண்டாம். வேண்டுதல் பலித்தவர்கள் ஆளுக்கு ஒரு மூட்டை கல் கொண்டுவந்து கோயிலைச் சுற்றிப் போட வேண்டும். பிடித்துக்கொண்டது. குளுவாங், பாலோ, சிம்பாங் ரெங்கம் என்று எங்கெங்கிருந்தோ வேனில் வந்தார்கள். உடைந்த செங்கல், செம்மண் கல், பழைய வீட்டுச் சிமெண்ட் துண்டு எல்லாம் வந்தது. சிங்கப்பூரில் வேலை கிடைத்த பையன்கள் லோரியோடு கொட்டினார்கள். கோயிலைச் சுற்றி ஒரு சின்னக் குன்றே எழுந்துவிட்டது.

என் வீட்டிலும் கதை வேறு மாதிரி இல்லை. மகள் பரீட்சைக்காக என் மனைவி செல்வி ஒரு மூட்டை நேர்ந்திருந்தாள்.

"அந்தக் கரைக்கு அவ்வளவு பாரம் ஆகாது செல்வி," என்றேன்.

"ஒங்க எலாகா இத்தன வருஷமா கொட்டாத கல்ல சாமி ஒரே வருஷத்துல கொட்ட வெச்சிட்டாரு. ஒங்களுக்குப் பொறாம."

ஆனால் நான் சொன்னது உண்மை. அந்தக் கரை களிமண். அதற்கு அடியிலும் களிமண், தோண்டத் தோண்டத் தயிர் மாதிரி. கரையின் அடியை அலை அரித்துக்கொண்டிருக்க, தலையில் கல்லை ஏற்றினால் என்ன ஆகும்? கரை மேல் கடலுக்கு இணையாக, விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடுவதை நான்தான் முதலில் பார்த்தேன். அன்றே ஹாஜியிடம் சொன்னேன்.

அவர் வந்தார், உட்கார்ந்தார், ஏற்றமும் வற்றமும் பார்த்தார். பிறகு கரையின் கடல்பக்கத்து ஓரத்தில், கோயிலைத் தாண்டி இரண்டு பக்கமும் நீளமாக, மூங்கில் குச்சிகளை ஒரே வரிசையில் நடச் சொன்னார். ஒரு முனையில் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் முதல் குச்சி மற்ற எல்லாவற்றையும் மறைக்க வேண்டும். அப்படி மறைக்கும்வரை என்னை நகர்த்தி நகர்த்தி நட வைத்தார். மண் அசைந்தால் குச்சி வரிசையிலிருந்து விலகித் தெரியும். கருவி எதுவும் வேண்டாம், கண் போதும்.

பிறகு அக்காவிடம் போய், கல்லை எல்லாம் எடுத்துவிட்டுக் கோயிலை உள்ளே தள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அக்காவை அவர் 'காக்' என்றுதான் கூப்பிடுவார், மலாயில் அக்கா. அவரை நேரில் நாங்கள் 'துவான்' என்போம், ஐயா என்கிற மாதிரி. அக்காவும் நம்மைவிட நன்றாகவே மலாய் பேசுவார்.

"துவான், அந்தக் கல்லுதான் கரைய புடிச்சிட்டு நிக்குது. அத எடுத்தா என் தென்னையெல்லாம் உப்புத் தண்ணில சாகும். அவரு கையால வெச்ச மரம். நான் உசுரோட இருக்கிற வரைக்கும் எடுக்க விடமாட்டேன்."

ஹாஜி தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "உத்தரவு போட்டு எடுத்துவிடலாமே துவான்" என்றேன். எழுதி மேலே அனுப்பியிருக்கிறேன், பதில் வரட்டும் என்றார். பதில் வருமுன் வருஷக் கடைசியின் பெரிய ஏற்றம் வந்துவிட்டது. அக்கா அந்தக் குச்சிகளில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

பெரிய ஏற்றம் என்பது வருஷத்தில் சில நாள் மட்டும் வருவது. காற்றும் சேர்ந்துகொண்டால் கரை விளிம்புவரை தண்ணீர் நிற்கும். அன்றும் காற்று இருந்தது. காலையிலேயே ஹாஜி இரண்டு எக்ஸ்கவேட்டர்களைக் கொண்டுவந்து மடைக்கதவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். கோயிலில் விசேஷ பூஜை; கரை மேலே ஒரே கூட்டம். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. கல்குன்றில் அலை மோதித் தெறித்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கரையின் தலைக்கு ஒரு சாண் கீழே வந்து, நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இறங்க ஆரம்பித்தது.

அலமாக், அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டுமே! தேங்காய் உடைக்கிறார்கள், கற்பூரம் கொளுத்துகிறார்கள், பொங்கல் இலையில் விழுகிறது. அக்கா நேரே என்னிடம் வந்தார்.

"பாத்தியா ராசு? ஒங்க துவான்கிட்ட சொல்லு, முனி நிக்கிறாரு. அந்த ரெண்டு மெஷின ஓட்டிட்டுப் போகச் சொல்லு, சும்மா நின்னு புகை விடுது."

கூட்டமே சிரித்தது. எனக்கும் நிம்மதிதான், பொய் சொல்வானேன். ஹாஜி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது" என்றார். தண்ணீர் நிற்கும்போது அதுவும் கரையை முன்னாலிருந்து தாங்குகிறது. அது சட்டென்று வற்றினால் முன்னால் தாங்க ஒன்றுமில்லை. உள்ளே ஊறிய களிமண் மட்டும் தன் பாரத்தோடு, மேலே கல்லின் பாரத்தோடு நிற்கும். பயப்பட வேண்டிய நேரம் அதுதான்.

பிற்பகலில் தண்ணீர் வேகமாக வற்றியது. ஹாஜி குச்சிகளைப் பார்க்கச் சொன்னார். முனையில் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். கோயிலுக்கு முன்னால் இருந்த குச்சிகள் வரிசையை விட்டுக் கடல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஹாஜி தானும் ஒரு தடவை பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, எல்லாரும் கரையை விட்டு உள்ளே இறங்குங்கள், இலையை அப்படியே விட்டுவிடுங்கள் என்றார். அன்றுதான் அவர் குரல் உயர்ந்து கேட்டேன்.

ஜனங்கள் இறங்கினார்கள். அக்கா இறங்கவில்லை. கோயில் வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

"தண்ணி எறங்கிப் போச்சு, இப்ப வந்து மெரட்டுறீங்களா?"

"அக்கா, என்ன நம்ப வேணாம். ஒரு தடவ வந்து இந்தக் குச்சியப் பாருங்க," என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

திட்டிக்கொண்டே வந்தார். ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் துண்டு தொங்கிய குச்சி மெதுவாகச் சாய்ந்தது.

"நேத்து நேரா இருந்துச்சே," என்றார்.

"ஆமாக்கா."

"என்னடா பாத்துட்டு நிக்கிற! சூலத்த எடு, நான் கல்ல எடுக்குறேன்."

இரண்டு பேரும் உள்ளே ஓடினோம். ஹாஜி வாசலில் நின்று எங்கள் காலடி மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். சூலம் சிமெண்டில் ஊன்றியிருந்தது. ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். அக்கா முனீஸ்வரன் கல்லைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டார். கரையை விட்டு இறங்கித் தென்னைக்கு அடியில் வந்து நின்றோம். பெரிய சத்தம் எதுவும் இல்லை. கரையின் முன்பாதி அப்படியே உட்கார்ந்து, கோயிலையும் கல்குன்றையும் சுமந்துகொண்டு சேற்றுக்குள் வழுக்கிப் போனது. கோயில் பின்பக்கம் சாய்ந்து, கூரை தெரிய நின்றது. பின்பாதிக் கரை தாறுமாறாகப் பிளந்துகிடந்தது.

அக்கா அழவில்லை. "அந்தக் கல்லெல்லாம் நான் சொல்லித்தானே வந்துச்சு துவான்?" என்று ஹாஜியிடம் கேட்டார். "நானாதான் கவுத்தேனா?"

நானாக இருந்தால் இல்லை அக்கா என்று சொல்லியிருப்பேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஹாஜி அப்படிச் சொல்லவில்லை.

"முன்னால் இருந்த பாக்காவ் போனபோதே இந்தக் கரைக்கு ஆயுசு குறைந்துவிட்டது காக். கல் போடாமல் இருந்திருந்தால் இன்னும் சில வருஷம் நின்றிருக்கும். எப்படியும் ஒருநாள் போயிருக்கும்."

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பித் தமிழில், "இந்த மனுசன் பொய் சொல்ல மாட்டாரு, இல்ல?" என்றார்.

"மாட்டாருக்கா."

அதற்குப் பிறகுதான் ஹாஜி கேட்க வேண்டியதைக் கேட்டார். அன்று இரவே அடுத்த ஏற்றம். உடைந்த இடத்தில் மறுபடி கரை கட்ட முடியாது, அடிமண்ணே போய்விட்டது. உள்ளே தள்ளி, அக்காவின் தென்னைக்கு நடுவே வளைத்துப் புதுக்கரை போட வேண்டும். கரைக்கு வெளியே விழும் நிலம் கடலுக்குப் போகும். அது அவருடைய நிலத்தில் பாதி. போடாவிட்டால் பின்னால் இருக்கும் மலாய்க்காரர்களின் கிராமமான கம்பம், பக்கத்து நிலத்துச் சீனன் ஆ செங்கின் பாக்குத் தோப்பு, அக்கா மகன் வீடு எல்லாவற்றுக்குள்ளும் உப்புத் தண்ணீர் வரும். "இது உங்கள் நிலம் காக். நான் கேட்கத்தான் முடியும். சீக்கிரம் சொல்ல வேண்டும், அதற்கும் என்னை மன்னிக்க வேண்டும்" என்றார்.

அக்கா தென்னைகளைப் பார்த்தார். குலை தள்ளிய மரங்கள். ஒன்றின் அடியில் கையை வைத்தார். அப்போதுதான் அழுதார், வாய்விட்டு, நாங்கள் எல்லாரும் பார்க்க. எனக்கும் அடக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஆ செங் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் இருந்த முனீஸ்வரனைக் கீழே வைக்காமலே, அக்கா சொன்னார்:

"எந்த மரத்துல இருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க துவான்."

எக்ஸ்கவேட்டர் இரண்டும் உள்ளே வந்தன. அக்கா முன்னால் நடந்து காட்டினார். நான் பின்னாலேயே குச்சி நட்டுக்கொண்டு போனேன். கம்பத்து ஆட்கள், ஆ செங் குடும்பம், பூஜைக்கு வந்தவர்கள் எல்லாரும் பாராங் கத்தியோடு இறங்கி மரம் வெட்டினார்கள். செல்வியும் மண் மூட்டை கட்டினாள். பொறாமைப் பேச்சு எதுவும் வரவில்லை. இரவு ஏறிய தண்ணீர் உடைப்பு வழியாக வந்து புதுக்கரையின் காலை நனைத்துவிட்டு நின்றது. மறுநாள் ஹாஜி மட்டம் பார்க்கச் சொன்னார். எண் வீட்டுக்குத் திரும்பி வந்தது. தெர்மோஸில் இருந்த கோப்பியில் எனக்கும் அக்காவுக்கும் ஊற்றிக் கொடுத்தார். அதுவரை அவர் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அவசரத்துக்குப் போட்ட அந்தக் கரையைத்தான் பிறகு பலப்படுத்தினோம். திவ்யா, நீ கேட்ட முழங்கை அதுதான். வெளியே விட்ட நிலத்தில் தென்னைகள் ஒவ்வொன்றாக மொட்டையாகிச் செத்தன. அக்கா அந்தப் பக்கமே திரும்பமாட்டார். ஆனால் செத்த மரங்களுக்கு நடுவில், யாரும் நடாமல், பாக்காவ் முளைத்தது. அதற்கு வேண்டியிருந்தது கொஞ்சம் இடம்தான். நான் ஓய்வுபெறுவதற்குள் அது ஆள் உயரத்துக்கு மேல் காடாகி, சேற்றைப் பிடித்துக்கொண்டது. கரையின் மற்ற இடங்களில் வருஷா வருஷம் கல்லும் மண்ணும் கொட்டினோம். அந்த வளைவில் மட்டும் அலை கரையைத் தொட்டு நான் பார்க்கவில்லை. ஹாஜி காலமாகிவிட்டார். கடைசியாக அவரோடு அங்கே போனபோதும் ஒரு வற்றம் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

இதுவரை எழுதி அனுப்பினேன். படித்துவிட்டுத் திவ்யா மறுபடி போன் செய்தாள். வளைவை நேராக்கும் யோசனையைக் கைவிட்டுவிட்டாளாம். அதற்குப் பதிலாக வேறு இரண்டு இடங்களில் கரையை உள்ளே தள்ளி, காட்டுக்கு இடம் விடலாமா என்று பார்க்கிறாள். கடல் இன்னும் ஏறப்போவதால் அந்த வளைவையும் இன்னும் கொஞ்சம் உள்ளே கொண்டுபோக வேண்டியிருக்கும். அப்படிப் போனால் அக்காவின் மிச்ச நிலத்தில் ஒரு பகுதியும் போகும். "அந்த அக்காகிட்ட எப்படிக் கேக்கறதுன்னே தெரியல, நீங்களும் வாங்க அங்கிள்" என்றாள். போனேன்.

அக்காவுக்கு இப்போது காது மந்தம், வாய் மட்டும் அப்படியே. கரைக்கு உட்புறம் வீட்டருகில் முனீஸ்வரன் இருக்கிறார். பலகைத் தரை, தகரக் கூரை. சூலம் மண் நிரப்பிய ஒரு பெரிய தொட்டியில் ஊன்றியிருக்கிறது. பக்கத்தில் அளவுக்காகத் திவ்யா நட்டு வைத்திருந்த குச்சிகளை அக்கா பார்த்தார். ஒன்றும் கேட்காமல் முனைக்குப் போய், இடுப்பில் கை ஊன்றிக் குனிந்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"நேராத்தான் நட்டிருக்கா. இது வரைக்கும் வேணுமா?"

திவ்யா திணறினாள். "பாட்டி, இப்பவே இல்ல... இன்னும் முடிவாகல... கோயில் வேற இருக்கு..."

"கோயிலுக்கென்ன?" அக்கா பலகைக்கு அடியில் கையைக் காட்டினார். இரண்டு பக்கமும் நீளமாக மரக்கழிகள் செருகியிருந்தன, சாமி தூக்குகிற மாதிரி. "நாலு ஆளு போதும். அன்னைக்கு இவரத் தூக்கிட்டு ஓடி என் இடுப்பு முறிஞ்சதுல இருந்து நான் சிமெண்டே போடல."